சுங்கக்காரி ஒன்பதாம் பாகம்

பிப்ரவரி 9

அன்புள்ள காற்புள்ளிக்கு,

உன் கடிதத்துக்குப் பதில் எழுத ஒன்றரை மாதம் ஆகிவிட்டது. சோம்பேறித்தனம் என்று வைத்துக்கொள். நடுவில் எட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தேன். வயிற்றில் புண்ணாம். டாக்டர் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவனை, அதாவது உன் முன்னாள் கணவனை, என் இந்நாள் மகனை, வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பேசினார். அவன் திரும்பி வந்து, "அல்சர்தான்பா, மாத்திரையில சரியாயிடும்" என்றான். சரி என்றேன்.

இப்போதெல்லாம் பத்துப் பக்கம் படித்தால் கண் சொருகிவிடுகிறது. நாற்பது வருஷம் கட்டடங்களின் உச்சியில், லிஃப்ட் மெக்கானிக்காக மோட்டார் அறையில், அந்தச் சத்தத்துக்கு நடுவே உட்கார்ந்து படித்தவன் நான். இங்கே கொசு பறந்தால்கூடக் கேட்கிற அமைதி, படிக்கத்தான் முடியவில்லை. போதாததற்கு, புது மருமகள் என் அலமாரியைச் சுத்தம் செய்து புத்தகங்களை உயரவாரியாக அடுக்கிவிட்டாள். நல்ல பெண்தான், குறை சொல்லக் கூடாது. ஆனால் மூன்றாம் பாகம் டெலிபோன் டைரக்டரிக்குப் பக்கத்தில் நிற்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். நாவல் வெளிவரும் தேதியைச் சொல்லிவிட்டார்கள், பார்த்தாயா? செப்டம்பர் 14, சுங்கக்காரி ஒன்பதாம் பாகம். இதுவே கடைசி. ஆற்றுத்துறையில் சுங்கம் வசூலிக்கிற அந்தப் பெண்ணோடு பதினாறு வருஷம் ஓட்டியாகிவிட்டது. அவள் தம்பியைத் தண்ணீரில் தள்ளியது யார் என்பதை முதல் பாகத்திலிருந்து இழுத்துக்கொண்டே வந்த அந்த எழுத்தாளர் அம்மாள், இனிமேலாவது சொல்லித்தானே ஆக வேண்டும். இணையக் குழுவில் முக்கால்வாசிப் பேர் படகோட்டிதான் கொலைகாரன் என்கிறார்கள், மிச்சப் பேர் வைத்தியரைச் சொல்கிறார்கள். படகோட்டி நிரபராதி என்று தனியாளாக நின்று கத்திக்கொண்டிருக்கிறேன். நேற்று ஒருவர், டி.வி.யில் வந்த தொடரைப் பார்த்துவிட்டு வந்து பேசுங்கள் ஐயா என்று எனக்குப் புத்தி சொன்னார். அந்தத் தொடரை இரண்டாம் நாளே நிறுத்தியவன் நான். அதில் அவளைக் குதிரைமேல் ஏற்றிவிட்டார்கள், ஆற்றங்கரையில் உட்கார்ந்து மூட்டை எண்ணுகிறவளுக்குக் குதிரை எதற்கு?

கடையில் முன்பதிவு செய்துவிட்டேன். என் எண் 212. அன்று காலை ஆறு மணிக்கே போய் வரிசையில் நிற்பதாக உத்தேசம்.

உங்கள் பதிப்பகத்தில்தானே அச்சாகிறது. நீ புரூஃப் பார்க்கிறாயா என்று நான் கேட்கமாட்டேன். கேட்டாலும் சொல்லாதே.

அன்புடன்,
மாமா


பிப்ரவரி 20

அன்புள்ள மாமாவுக்கு,

எட்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்ததை இரண்டு வரியில் சொல்லிவிட்டு, குதிரைக்கு நாலு வரி எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் கோபம்தான். சொல்லி அனுப்பியிருக்கலாம். விவாகரத்து ஆகி மூன்று வருஷம் ஆனாலும் உங்கள் வீட்டு எண்ணை நான் அழிக்கவில்லை. அழைக்கத்தான் பயம். அவர் எடுத்துவிட்டால் என்ன பேசுவது?

நீங்கள் கேட்காத கேள்விக்குப் பதில்: ஆமாம், நான்தான் பார்க்கிறேன். ஐந்தாவது மாடியில் ஜன்னல் இல்லாத ஓர் அறை. வாசலில் மரப்பெட்டி, அதில் போனைப் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். தாள்களுக்கெல்லாம் எண் போட்டிருக்கிறார்கள். மாலையில் எண்ணி வாங்கிக்கொண்டுதான் வெளியே விடுகிறார் தலைமைப் பதிப்பாசிரியை. வெளியே ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்று பத்திரத்தில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். என் ராசி, ஊரே காத்திருக்கிற புத்தகம் என் மேஜையில் கிடக்கிறது, எனக்கோ மதியத்துக்கு மேல் கழுத்தைத் திருப்ப முடிவதில்லை.

உங்களுக்குத் தெரியாததா? புரூஃப் பார்க்கிறவள் படிப்பதில்லை. எட்டாம் பாகத்தில் அந்தப் பள்ளிக்கூட வாத்தியார் செத்துப்போனபோது நான் புள்ளி விட்டுப்போன எழுத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். புத்தகம் வெளிவந்து, நீங்கள் அந்த இடத்தைப் பற்றி எழுதியதைப் படித்தபோதுதான் அழுதேன். உங்களுக்கு நான் இன்னும் எழுதிக்கொண்டிருப்பது பாசத்தால் மட்டும் என்று நினைக்காதீர்கள். நான் திருத்தின புத்தகத்தில் என்ன இருந்தது என்று நீங்கள் சொன்னால்தான் எனக்குத் தெரிகிறது.

இந்தப் பாகத்தைப் பற்றி என் வாயிலிருந்து ஒரு சொல் பெயராது. ஐந்தாம் பாகத்தின் முடிவைச் சாப்பாட்டு மேஜையில் உளறிய மனிதரோடு நாம் இரண்டு பேரும் நாலு நாள் பேசாமல் இருந்தோமே, அந்தக் கட்சியில்தான் இன்னும் இருக்கிறேன்.

மாத்திரையை நேரத்துக்குப் போடுங்கள். அலமாரியைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி அடுக்குங்கள், ஒரே நாளில் தூக்கி இறக்க வேண்டாம்.

காற்புள்ளி


மார்ச் 11

அன்புள்ள மாமாவுக்கு,

நலமா? நான் நலம். உள்ளே இன்னோர் உறை இருக்கிறது. அதில் இருப்பது கடைசி அத்தியாயம். தாளை வெளியே கொண்டுவரவில்லை. மூன்று முறை புரூஃப் பார்த்ததில் மனப்பாடம் ஆகிவிட்டது, வீட்டில் உட்கார்ந்து கையால் எழுதினேன். ஒன்றிரண்டு சொல் மாறியிருக்கலாம். யார் தள்ளியது என்பது அதில் இருக்கிறது.

சும்மாதான் அனுப்புகிறேன். செப்டம்பர் ரொம்ப தூரத்தில் இருக்கிறது. நீங்களும் பத்துப் பக்கத்தில் அசந்துவிடுகிறீர்கள். அந்த வரிசை, கூட்டம், வெயில் எல்லாம் உங்களுக்கு எதற்கு? வீண் அலைச்சல். படித்ததும் கிழித்துப் போட்டுவிடுங்கள், யாரிடமும் சொல்ல வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். நன்றாகத் தூங்குங்கள். வேறொன்றுமில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

காற்புள்ளி


மார்ச் 17

காற்புள்ளிக்கு,

உள் உறையை நான் பிரிக்கவில்லை. பிரிக்கப் போவதும் இல்லை. உன் கடிதத்தை மட்டும் நாலு தடவை படித்தேன்.

ஏழாம் பாகம் வந்த வாரம் எனக்குக் கண் ஆபரேஷன் நடந்தது, ஞாபகம் இருக்கிறதா? கட்டுப் போட்டுக்கொண்டு கட்டிலில் கிடந்தேன். நீ ராத்திரியோடு ராத்திரியாக முடித்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தாய். ஒரே ஒரு வரி சொல்லு, படகோட்டி உயிரோடு இருக்கிறானா இல்லையா என்று கெஞ்சினேன். "கட்டு அவிழட்டும் மாமா" என்று சொல்லிவிட்டு எழுந்து போனவள் நீ. கல்நெஞ்சக்காரி என்று திட்டினேன். மனதுக்குள் பெருமையாகத்தான் இருந்தது.

அப்படிப்பட்டவள், பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, வேலை போனாலும் போகட்டும் என்று கடைசி அத்தியாயத்தைக் கையால் எழுதி அனுப்புகிறாய். அதுவும் சும்மாதான் அனுப்புகிறாயாம். இந்தக் கட்டு அவிழாது என்று உன்னிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். யாரோ என்ன யாரோ. மூன்று வருஷமாக உன் பெயரைக்கூட எடுக்காதவன், உனக்குப் போன் செய்திருக்கிறான். இல்லையா?

எனக்கு உன்மேல் கோபம் வருகிறது. அவன்மேல் அதைவிட. அந்த டாக்டர்மேல் எல்லாவற்றையும்விட. என் வயிற்றைப் பற்றி மூன்று பேருக்குத் தெரிந்திருக்கிறது, எனக்கு மட்டும் அல்சர். எட்டு வாரமாக அந்த மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால், சாப்பாட்டுக்குப் பின்னால் என்று கடிகாரம் பார்த்து விழுங்கிக்கொண்டிருக்கிறேன்.

லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களை எத்தனையோ தடவை வெளியே எடுத்திருக்கிறேன். உள்ளே இருப்பவர்களிடம் இதோ ஐந்து நிமிஷம் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. ஒரு மணி நேரம் ஆகும் என்றால் ஒரு மணி நேரம் என்றுதான் சொல்வேன். கேட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துகொள்வார்கள், பையில் இருப்பதை எடுத்துத் தின்பார்கள், பக்கத்தில் இருப்பவனிடம் ஊர்க்கதை பேசுவார்கள். ஐந்து நிமிஷம் என்று ஏமாற்றியவன்தான் ஆறாவது நிமிஷம் கதவில் உதை வாங்குவான்.

எத்தனை மாதம் என்று எழுது. சுற்றி வளைக்காதே.

மாமா


மார்ச் 22

மாமா,

இன்னும் நாலு மாதம். குறையவும் கூடும் என்று டாக்டர் சொன்னாராம். புண் இல்லை, கட்டி. ஈரலுக்கும் பரவிவிட்டது. இந்த வயதில் ஆபரேஷன் செய்து உங்களை அறுத்துப் போடுவதில் பலன் இல்லை என்றும் சொல்லியிருக்கிறார்.

எழுதிவிட்டேன். இந்த ஒரு வரிக்கு மூன்று தாள் கிழித்தேன்.

மார்ச் 4 மாலை அவர் அழைத்தார். பேருந்தில் நின்றுகொண்டிருந்தேன். முதலில் பேருந்தில் கூட்டமா என்று கேட்டார். அப்புறம் அழுதார். ஆறு வருஷம் அவரோடு குடும்பம் நடத்தினேன், அவர் அழுது நான் பார்த்ததில்லை. கடைசியில் அவர் கேட்டது ஒன்றுதான். "அந்தப் புத்தகம் வர்ற வரைக்கும் அப்பா இருக்க மாட்டார். உன்னால ஏதாவது செய்ய முடியுமா?" ஐந்தாம் பாகத்தை உளறிய மனிதர், மாமா. உங்களுக்கு என்ன வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

எனக்கும் ஒரு குறை உண்டு, சொல்லிவிடுகிறேன். இதை ஏன் என் தலையில் கட்டினார்? அந்த வீட்டை விட்டு ஒரு சூட்கேஸோடு வெளியே வந்தவள் நான். சொல்ல வேண்டியவர் சொல்லாமல் என்னிடம் தள்ளிவிட்டார், நானும் சொல்லத் தைரியம் இல்லாமல் ஓர் உறைக்குள் போட்டு ஒட்டி அனுப்பினேன். இரண்டு பேரும் சேர்ந்து உங்களை ஏமாற்றினோம். விவாகரத்துக்குப் பிறகு நாங்கள் சேர்ந்து செய்த ஒரே காரியம் இது.

உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். பதினாறு வருஷம் காத்திருந்தவர், தெரியாமலே போய்விடக் கூடாது என்று நினைத்தேன். அதை எழுதும்போது முதல் முறையாகப் புரூஃப் பார்க்காமல் படித்தேன், மாமா. நன்றாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தில், நீங்கள் என்ன புரிந்துகொள்வீர்கள் என்பது என் புத்திக்கு எட்டவே இல்லை. உங்களைத் தெரிந்த நான் இப்படிச் செய்திருக்கக் கூடாது.

மன்னித்துவிடுங்கள். பதில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை. இல்லை, எழுதுங்கள்.

காற்புள்ளி


மார்ச் 29

அன்புள்ள காற்புள்ளிக்கு,

நாலு மாதம் என்று படித்ததும் என்ன செய்தேன் தெரியுமா? தூங்கிவிட்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் அப்படித் தூங்கவில்லை. எழுந்தபோது பயமாகத்தான் இருந்தது. ஆனால் மண்டைக்குள் இரண்டு மாதமாக ஓடிக்கொண்டிருந்த அந்த மோட்டார் நின்றுபோயிருந்தது.

அவன் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தான். எனக்குத் தெரியும்டா என்றேன். குழாயை மூடாமல் அப்படியே நின்றான். எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை என்றான். திட்டுவதற்கு நிறைய வைத்திருந்தேன், அவன் முகத்தைப் பார்த்ததும் துணியை எடுத்தேன். தட்டைத் துடைத்து அடுக்கினேன். புது மருமகள் கதவோரம் நின்று அழுதாள். அந்தப் பெண்ணுக்கும் எட்டு வாரமாக வாயை மூடிக்கொண்டிருக்கிற கஷ்டம் இருந்திருக்கிறது. மறுநாள் அவளாகவே வந்து எந்தப் புத்தகம் எதற்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று கேட்டாள். நான் கட்டிலில் இருந்தபடி சொல்லச் சொல்ல அடுக்கினாள். மூன்று மணி நேரம் ஆயிற்று. எனக்கு மூச்சு வாங்கியது, அவளுக்கு இடுப்பு வலி.

உன் உறையைத் திருப்பி அனுப்புகிறேன். ஒட்டினது ஒட்டினபடியே இருக்கிறது. பிரிக்கலாமா என்று கை போகாமல் இல்லை. ஒரு தடவை வெளிச்சத்தில் தூக்கிக்கூடப் பார்த்தேன், உன் உறை நல்ல கெட்டி, ஒன்றும் தெரியவில்லை. ஆனால் யோசித்துப் பார். யார் தள்ளியது என்று பெயர் தெரிந்து எனக்கு என்ன ஆகப் போகிறது? அதைத் தெரிந்துகொள்ளவா பதினாறு வருஷம் படித்தேன்? படகுத்துறையில் காலையில் மூடுபனிக்குள் மூட்டை இறக்குகிற சத்தம் வருமே, அவள் கணக்குப் புத்தகத்தை ஈரம் படாமல் முந்தானையில் சுற்றிக்கொண்டு இறங்கி வருவாளே, அதற்காகப் படித்தேன். நீ முடிவை அனுப்பிவிட்டாய். அதற்கு முன்னால் இருக்கிற அத்தனையையும் நான் எங்கே போய் வாங்குவது?

உன்னால் முடிந்தால் முதல் அத்தியாயத்தை அனுப்பு. எதுவரை போக முடிகிறதோ அதுவரை போகிறேன். நடுவில் நின்றுபோனால் நின்றுபோகட்டும். எந்தப் புத்தகத்தையும் பாதியில் விட்டவனில்லை நான், அந்தப் பெருமை ஒன்று உண்டு, அதையும் விட்டுவிடுகிறேன்.

முடியாது என்றால் முடியாது என்று எழுது. உன் வேலைக்கு ஆபத்து வருகிற எதையும் இன்னொரு முறை செய்யாதே. எனக்குக் களைப்பாக இருக்கிறது, இத்தோடு நிறுத்துகிறேன். உன்மேல் கோபம் இல்லை. இருந்தது, இப்போது இல்லை.

அன்புடன்,
மாமா


ஏப்ரல் 7

அன்புள்ள மாமாவுக்கு,

உறை வந்து சேர்ந்தது. அதை எடுத்துக்கொண்டு நேராகத் தலைமைப் பதிப்பாசிரியையின் அறைக்குப் போனேன். ஒளிந்து செய்வதற்கு எனக்குத் தெம்பில்லை. எல்லாவற்றையும் சொன்னேன், நீங்கள் யார் என்பது உட்பட. முன்னாள் மாமனார் என்றதும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். கால் மணி நேரம் திட்டினார். உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பிரிக்காமலே வந்திருப்பதை அவரால் நம்ப முடியவில்லை. பிறகு நான் கையெழுத்துப் போட்ட பத்திரத்தை வரவழைத்து, முதலிலிருந்து கடைசி வரை படித்துவிட்டுச் சொன்னார்: "எழுதிக் குடுத்தது தப்பு. பக்கத்துல உக்காந்து வாசிச்சுக் காட்டக் கூடாதுன்னு இதுல எங்கயும் இல்ல."

அப்படியும் அவர் மனசு கேட்கவில்லை. எழுத்தாளருக்குப் போன் செய்தார். நான் வெளியே நின்றேன். எழுத்தாளர் ஒரே ஒரு கேள்வி கேட்டாராம், அந்தப் பெரியவர் யாரைச் சந்தேகப்படுகிறார் என்று. படகோட்டி நிரபராதி என்று பதினாறு வருஷமாகச் சண்டை போடுகிறவர் என்று சொன்னதும், கொஞ்ச நேரம் சத்தமே இல்லையாம். பிறகு, வாசித்துக் காட்டச் சொல்லுங்கள் என்றாராம். அந்த மௌனத்துக்கு என்ன அர்த்தம் என்று என்னிடம் கேட்காதீர்கள்.

நிபந்தனைகள் இவை. வெள்ளிக்கிழமை மாலை எண் போட்ட தாளைக் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும், திங்கள் காலை திருப்பித் தர வேண்டும். தாள் என் கையை விட்டுப் போகக் கூடாது. உங்களைத் தவிர அறையில் யாரும் இருக்கக் கூடாது. ஆக, சனிக்கிழமைதான் முடியும். ரயிலில் நாலு மணி நேரம். ஞாயிறு படுத்துக் கிடந்தால் திங்கள் வேலைக்குப் போய்விடுவேன்.

அந்த வீட்டுப் படியேறுவது எனக்குச் சுலபம் இல்லை, மாமா. அவரிடமும் அந்தப் பெண்ணிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். உபசாரம் எதுவும் வேண்டாம், குடிக்கத் தண்ணீர் போதும். எனக்கு அழுகை வந்தால் வாசிப்பதை நிறுத்திவிடுவேன், நீங்கள் தொடரச் சொல்லி அவசரப்படுத்தக் கூடாது.

மொத்தம் முப்பத்தொன்பது அத்தியாயம். யோசித்துப் பார்த்தேன். வாரத்துக்கு மூன்று வீதம் வாசித்தால் பதின்மூன்று சனிக்கிழமை. ஏப்ரல் 18-ல் தொடங்கினால் ஜூலை 11-ல் முடித்துவிடலாம். டாக்டர் சொன்ன கெடுவுக்குள் வந்துவிடும். மூன்று அத்தியாயம் என்றால் இரண்டரை மணி நேரம், உங்களால் உட்கார முடியுமா என்று மட்டும் சொல்லுங்கள். முடியாவிட்டால் படுத்துக்கொண்டே கேட்கலாம்.

காற்புள்ளி


ஏப்ரல் 12

அன்புள்ள காற்புள்ளிக்கு,

வா. வீட்டில் சொல்லிவிட்டேன். அவன் சனிக்கிழமை காலையில் வெளியே போய்விடுகிறேன் என்றான், இரு என்றேன். கதவைத் திறக்க ஆள் வேண்டும், எனக்கு இப்போது எழுந்து நடக்கச் சிரமமாக இருக்கிறது. தண்ணீர் அவள் தருவாள்.

உன் ஏற்பாடு எல்லாம் சரி, ஒன்றைத் தவிர. வாரத்துக்கு மூன்று அத்தியாயம் வேண்டாம். ஒன்று போதும். ஒன்றை வாசி, அதைப் பற்றி நாம் பேசலாம், சண்டை போடலாம், நீ உன் ரயிலைப் பிடி. அடுத்த அத்தியாயத்தில் என்ன நடக்கும் என்று நான் ஒரு வாரம் படுத்துக்கொண்டு யோசிக்க வேண்டாமா? அந்தச் சுகத்தை விட்டுவிட்டு மூன்று மூன்றாக விழுங்குவதற்கு இது மாத்திரை இல்லை.

செப்டம்பரில் புத்தகம் கடைக்கு வந்துவிடும். ஊரே ஒரு வாரத்தில் முடித்துவிட்டுக் கத்தும். கத்தட்டும். இணையக் குழுவை விட்டு அன்றைக்கு விலகிவிடுகிறேன். நாம் அப்போது இருபத்திரண்டாம் அத்தியாயத்தில் இருப்போம்.

காலண்டரை எடுத்து எண்ணிப் பார்த்துவிட்டேன். முப்பத்தொன்பதாவது சனிக்கிழமை ஜனவரி 9-ல் வருகிறது. அந்தத் தேதியில் வேறு வேலை எதுவும் வைத்துக்கொள்ளாதே.

மாமா